ஈரத் துடைப்பம்

மே மாதம் பதினொன்றாம் நாள், திங்கட்கிழமை. வானத்தில் பெயருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. காலை ஒன்பது மணிக்கே தகரக் கூரைகள் சூடேறிப் படபடவென்று ஒலிக்கத் தொடங்கின. தெருவில் சென்றவர்கள் சுவரோர நிழலைத் தமக்குள் பங்கு போட்டுக்கொண்டு நடந்தனர்.

இத்தகைய வெயிலைக் கண்டால் பிறர் குடையைத் தேடுவர். கலவைக்காரரோ துடைப்பத்தைத் தேடுவார்.

அதற்குரிய காரணத்தை முதலில் கூறுதல் வேண்டும். உணவகங்களிலும் விடுதிகளிலும் பொரித்துப் பொரித்துக் கருத்துப்போன எண்ணெயைச் சேகரித்து, அதனை வண்டிகளுக்குரிய எரிபொருளாக மாற்றும் ஒரு சிறு பட்டறையில் அவர் பணியாற்றினார். பழைய எண்ணெயை வடிகட்டிச் சூடேற்றி, காஸ்டிக் சோடா கரைத்த மெத்தனாலை அதனுடன் அளவறிந்து கலந்தால், அடியில் கூழ்போன்ற கிளிசரின் தங்கும். மேலே தேன் நிறத்தில் உயிரி டீசல் தெளியும். பின்னர் அதனைத் தண்ணீர் விட்டு அலசித் தூய்மை செய்வர். நேற்று வடை மணத்த எண்ணெய் நாளை குப்பை லாரியை இழுத்துச் செல்லும். இவ்வளவும் நன்மையே. அஞ்சத்தக்கது ஒன்றே ஒன்றுதான், அது மெத்தனால்.

மெத்தனால் பற்றி எரிந்தால் புகை எழாது. சுடரும் மிக வெளிறிய நீலமாகவே இருக்கும். இருளில் அது கண்ணுக்குத் தெரியும். நல்ல வெயிலில் அறவே தெரியாது. பணியில் சேர்ந்த புதிதில், பயிற்சியாளர் ஒருவர் வெயிலில் ஒரு தட்டை வைத்து, "இதுல என்ன இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கருதிய கலவைக்காரர் தட்டை எடுக்கக் கையை நீட்டினார். அன்று வெந்த ஆட்காட்டி விரலின் நுனி இன்றளவும் வழவழப்பாகவே உள்ளது. உலகத்தார் இருட்டுக்கு அஞ்சுவர். அவரோ அன்றிலிருந்து வெளிச்சத்துக்கு அஞ்சலானார்.

பட்டறையின் கலவைக்கூடத்துக்குக் கண்ணாடிபோன்ற நெகிழித் தகடுகளால் கூரை வேய்ந்திருந்தனர். ஆகையால் உச்சிப்பொழுதில் அங்கே வெயில் கொட்டிக் கிடக்கும். அந்நேரத்தில் அவர் துடைப்பம் இன்றி உள்ளே அடியெடுத்து வைப்பதில்லை. நீண்ட கழியில் உலர்ந்த புல்லைக் கட்டி, அடையாளத்துக்குச் சிவப்புத் துணி ஒன்றைச் சுற்றி, வாசலருகே ஓர் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். அதனை முன்னே நீட்டித் தரையைத் தடவியபடியே மெல்ல நடப்பார். கண்ணுக்குப் புலப்படாத தீ எங்கேனும் இருந்தால் புல் பற்றிக்கொள்ளும். புல்லின் சுடர் மஞ்சளாகத் தெரிந்துவிடும். இதுவே அவருடைய முறை. இம்முறையால் அவருக்குக் கிடைத்தது ஒரு பட்டப்பெயர்.

அதைச் சூட்டியவர் அவருடைய தங்கையின் கணவர். எண்ணெய் சேகரிக்கும் வண்டியை ஓட்டுபவர் அவரே. அன்று வண்டியை விட்டு இறங்கும்போதே அவர் தொடங்கிவிட்டார்.

"என்ன மச்சான், ஊர்வலம் இன்னும் கிளம்பலையா? நெருப்புக்கோழி முட்டை போடுற நேரமாச்சே!"

"வாங்க மாப்பிள்ளை. வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிட்டு வரக் கூடாதா?"

"பூட்டு இல்ல, சட்டை வந்திருக்கு. பாருங்க. கல்யாண நாளுக்கு உங்க தங்கச்சி எடுத்துக் குடுத்தா. எண்ணெய் வண்டி ஓட்டுறவன் வெள்ளைச் சட்டை போட்டா அதுக்குப் பேரு தைரியம்."

"கொழுப்புன்னும் சொல்லுவாங்க."

வடிகட்டும் அறையிலிருந்து தங்கையின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் வாயாடினது போதும். நாளைக்குச் சரக்கு வாங்குறவங்க பட்டறையைப் பார்க்க வர்றாங்க. தரை கண்ணாடி மாதிரி இருக்கணும்னு முதலாளியம்மா போன்ல கத்துறாங்க. விடிஞ்சதுலேருந்து கழுவிக் கழுவி என் இடுப்பே கழண்டு போச்சு. இருந்த துடைப்பம் ஒண்ணு விடாம தேய்ச்சாச்சு."

இச்சொற்களைக் கலவைக்காரர் கேட்டார். ஆனால் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பின்வாசல் பக்கம் நடந்த ஒரு செயலே அவருடைய மனத்தை அரித்துக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, அந்தக் கிளிசரின் டிரம்மையெல்லாம் எங்க இறக்கினீங்க?"

"வடிகட்டுற ரூமோட பின்கதவுகிட்ட அடுக்கிட்டேன். முன்னாடி அசிங்கமா இருக்குன்னு முதலாளியம்மாதான் சொன்னாங்க. நாளைக்கு அவங்க வந்துட்டுப் போனதும் தூக்கிடுறேன்."

"அப்போ கதவு திறக்காதே?"

"அதை யாரு மச்சான் திறக்கப் போறா? பேயா?"

"தீயணைக்கிற சிலிண்டரு?"

"வண்டியில ஏத்திக் காலையிலேயே கடையில குடுத்தாச்சு. புதுசா அடைச்சு, சீல் வச்சு, சாயங்காலம் தருவான். நாளைக்கு வர்றவங்க தேதி பார்ப்பாங்களாம்." மாப்பிள்ளை சிரித்தார். "ஒரு பகல் மச்சான். ஒரே ஒரு பகல் பொறுத்துக்கங்க. தீ என்ன, நம்ம வீட்டு விருந்தாளியா, நாள் பார்த்து வர்றதுக்கு?"

கலவைக்காரர் பின்கதவு இருந்த திசையை நோக்கினார். தங்கையை இந்த வேலைக்கு அழைத்து வந்தவர் அவரே.  

பகலுணவுக்குப் பின் மாப்பிள்ளை வண்டிக்கடியில் படுத்து ஏதோ ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். தங்கை வடிகட்டும் அறையில் மோட்டாரை ஓட்டிவிட்டுப் பணியில் ஆழ்ந்திருந்தாள். அந்த மோட்டாரின் இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேளாது. கலவைக்காரர் வாசலில் நின்று, இடப்பக்கக் கம்பிக் கூண்டிலிருந்த மெத்தனால் பீப்பாயின் அளவுக்குழாயை வழக்கம்போல் நோக்கினார்.

அளவு இறங்கியிருந்தது.

காலையில் அவர் கலவைக்கு எடுத்ததைக் காட்டிலும் கூடுதலாக, மிகவும் கூடுதலாக, அது இறங்கியிருந்தது. எடுத்தவர் வேறு எவரும் இல்லை. அங்ஙனமாயின் அது எங்கே சென்றது?

அவர் தரையை நோக்கினார். தரை முழுவதும் ஆங்காங்கே ஈரம் மின்னியது. கழுவிய தண்ணீராக இருக்கலாம். கூடத்தின் மறுகோடியில், வடிகட்டும் அறையின் வாசலை ஒட்டி, சிந்துவதைத் தாங்குவதற்காக ஆழமில்லாத ஒரு குழித்தளம் கட்டப்பட்டிருந்தது. வாசலின் அகலத்துக்கு மேலும் நீண்டு, முன்னாலும் பல அடி அகன்றிருந்த அதனைத் தாண்டிக் குதிக்க இயலாது; அதனுள் இறங்கித்தான் ஏற வேண்டும். போயும் போயும் வாசற்படியில் அதைக் கட்டியவன் மூளையை அடகு வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்று அவர் பலமுறை ஏசியதுண்டு. அக்குழித்தளத்திலும் தெளிந்த நீர்போல் ஏதோ தேங்கி நின்றது. அதன் மேலாகச் சென்ற மெத்தனால் குழாயின் இணைப்பு, வெயிலில் தளர்ந்து, சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது.

அவர் முதலில் பீப்பாயின் அடைப்பைத் திருகி மூடினார். திருகு இருமுறை வழுக்கியது. பின்னர் துடைப்பத்தை எடுத்து முன்னே நீட்டிக்கொண்டு ஓரடி வைத்தார். மற்றோர் அடி வைத்தார். வெப்பம் முகத்தில் அறைந்தது. எனினும் அன்று எங்கு நின்றாலும் அப்படித்தான் அறைந்தது. மோட்டாரின் பொத்தானிலிருந்து ஒரு பொறி போதும் என்ற எண்ணம் நெஞ்சைக் கவ்வியது. குழித்தளத்தின் விளிம்பு வரை கழியை நீட்டினார். நீட்டி, இடமும் வலமும் அசைத்தார்.

புல் பற்றவில்லை.

அவர் நீண்ட பெருமூச்சு விட்டார். ஒழுகியிருக்கிறது, ஆனால் எரியவில்லை. கடவுள் காப்பாற்றினார். தங்கையை அழைத்து, கால் வைக்காதே என்று எச்சரித்துவிட்டால் போதும். இவ்வாறு எண்ணியவராய்த் துடைப்பத்தைத் தம் பக்கம் இழுத்துச் சாய்த்தார்.

அப்போதுதான் அதனைக் கண்டார். புல்லின் நுனியிலிருந்து வெண்மையான ஓர் இழை மெல்ல மேலெழுந்துகொண்டிருந்தது. புகை என்று எண்ணினார். ஆனால் புகையின் நாற்றம் இல்லை. அது சோற்றுப் பானையின் வாயிலிருந்து எழுவதைப்போன்ற நீராவி. அவர் புல்லைத் தொட்டார்; உடனே கையை உதறினார். புல் கொதித்தது. கொதித்தது மட்டுமன்று, நனைந்தும் இருந்தது. பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது.

"இருந்த துடைப்பம் ஒண்ணு விடாம தேய்ச்சாச்சு."

தங்கை அவருடைய துடைப்பத்தையும் எடுத்துத் தரையைக் கழுவியிருந்தாள். கழுவிய பின் அதன் ஆணியிலேயே ஒழுங்காக மாட்டியும் வைத்திருந்தாள்.

அவர் தலையை நிமிர்த்தினார். குழித்தளத்தின் விளிம்பில் ஒரு நெகிழிக் குவளை இருந்தது. யாரும் தொடாமலேயே அக்குவளை தன் வாயைக் கவிழ்த்து, வணங்குவதுபோல் வளைந்து, தரையோடு தரையாக அமர்ந்தது. அதற்கு மேலே காற்று நெளிந்தது. வேறொன்றும் இல்லை. வெயில், ஈரத் தரை, உருகும் குவளை. அவற்றுக்கு அப்பால், திறந்த வாசலினுள், அவருக்கு முதுகைக் காட்டி நின்று வடிதுணிகளை உரித்துக்கொண்டிருந்த தங்கை.

துணிகளை உரித்து முடித்து, மோட்டாரும் நின்றதும் அவள் என்ன செய்வாள் என்பது அவருக்குத் தெரியும். நாள்தோறும் செய்வதையே செய்வாள். அவற்றை வாளியில் போட்டுக்கொண்டு, அலசுவதற்காக இவ்வாசல் வழியே வெளியே வருவாள். குழித்தளத்தில் இறங்குவாள்.

"பாப்பா! வராதே! பாப்பா!"

மோட்டார் அவருடைய குரலை விழுங்கிற்று. மின்சாரத்தை நிறுத்திவிட அவர் கூடத்து வாசலிலிருந்த பெரிய பொத்தானை நோக்கிப் பாய்ந்தார். பாய்ந்தவர் பாதியிலேயே கல்லாகி நின்றார். மோட்டார் ஓடும்வரை அவள் காதில் எதுவும் விழாது. ஆனால் மோட்டார் ஓடும்வரை அவள் உள்ளேயே இருப்பாள். நிறுத்தினால், என்ன ஆயிற்று என்று பார்க்க மறுகணமே வெளியே வருவாள். பொத்தானுக்கும் அவருடைய விரலுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியே இருந்தது. அந்த ஒரு சாணைக் கடக்க அவருக்கு மனம் துணியவில்லை.

கூச்சலைக் கேட்டு மாப்பிள்ளை வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு துளி மசிகூட இல்லை.

"என்ன மச்சான், முட்டை போட்டாச்சா?"

"தீ, மாப்பிள்ளை. அவ வாசல்ல தீ எரியுது."

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். நெற்றியில் கை வைத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, மீண்டும் பார்த்தார். "எங்க? தண்ணிதானே நிக்குது? வெயில் உங்க மண்டைக்குள்ள பூந்துடுச்சு மச்சான். இருங்க, நான் போய் அவளைக் கூட்டிட்டு வர்றேன்."

அவர் நடந்தார். கைகளை வீசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, நேராக நடந்தார். கலவைக்காரர் பின்னால் ஓடி அவருடைய சட்டையைப் பற்றி இழுத்தார். பொத்தான்கள் தெறித்தன.

"யோவ்! புதுச் சட்டையா!"

"கழட்டுங்க! கழட்டிக் குடுங்க சொல்றேன்!"

எவரையும் ஒருநாளும் அதட்டிப் பேசாத அம்மனிதரின் குரலில் இருந்த ஏதோ ஒன்று மாப்பிள்ளையைப் பேச்சிழக்கச் செய்தது. அவர் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். கலவைக்காரர் அதன் ஒரு கையைக் கிழித்து, கழியின் மறுமுனையில் சுற்றிக் குழித்தளத்தின் மேல் நீட்டினார்.

வெறுங்காற்றில் துணி பற்றிக்கொண்டது. மஞ்சள் சுடர் கழியில் ஏறியது.

மாப்பிள்ளையின் வாய் திறந்தபடியே நின்றது. அவருடைய பார்வை எரியும் துணியிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து தம் மனைவியின் முதுகுக்கும் சென்றது. பிறகு அது பின்கதவை நாடிச் சென்றது. அக்கதவின் வெளியே நிறைந்த பீப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவர் தாமே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மச்சான், நான் போய் டிரம்மைத் தள்ளுறேன்."

"பளுதூக்கி மெஷின் வச்சு இறக்கின டிரம், மாப்பிள்ளை. ஒத்தை ஆளு எதைத் தள்ளுவீங்க? தீயணைப்புக்குப் போன் பண்ணுங்க முதல்ல."

மாப்பிள்ளை அழைத்தார். அவர் பேசியது தெளிவாக இருந்தது. ஆனால் முடித்துவிட்டுத் திரும்பியபோது உதடு கோணியது. "கிளம்பிட்டாங்களாம். பாலத்துகிட்ட நெரிசலாம். வந்துடுவாங்களாம்."

அக்கணத்தில் மோட்டார் தானாகவே நின்றது. வடிகட்ட வேண்டிய எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது.

அந்த அமைதியைப்போல் அஞ்சத்தக்க ஓர் ஓசையைக் கலவைக்காரர் அதற்கு முன் கேட்டதில்லை. தங்கை வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். வாசலை நோக்கி வந்தாள்.

"நில்லு பாப்பா! அங்கேயே நில்லு! தீ!"

அவள் சலிப்போடு சிரித்தாள். "அண்ணே, ஆரம்பிச்சுட்டீங்களா? தினமும் மத்தியானம் ஆனா இதே கூத்து. போன வாரம் வெயில் பட்டு மின்னின தகரத்தைப் பார்த்துத் தீன்னு கத்துனீங்க. தள்ளுங்க, துணி காயுது."

"சத்தியமா சொல்றேன்மா, இந்தத் தடவை…"

"போன தடவையும் சத்தியம்தான் பண்ணினீங்க."

பிழை அவளுடையதன்று. அஞ்ச வேண்டாத நாள்களிலெல்லாம் அஞ்சி அஞ்சி, தம் அச்சத்தின் மதிப்பை அவரே குறைத்துவிட்டிருந்தார். அவள் வலக்காலைத் தூக்கி விளிம்புக்கு வெளியே நீட்டினாள். அப்போதுதான் அவள் கண் தன் கணவர்மேல் விழுந்தது.

அவர் வெற்றுடம்போடு நின்றார். சிரிக்கவில்லை. கேலி பேசவில்லை. இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களை விரித்து, வேண்டாம் வேண்டாம் என்பதுபோல் தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

அண்ணனின் கூச்சல் செய்ய இயலாததை அந்த வாயாடியின் மௌனம் செய்தது. அவள் காலை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தாள். கால் வந்தது, ரப்பர் செருப்பு வரவில்லை. அது விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் வார் தளர்ந்து, மடிந்து, கறுத்துக் குமிழியிட்டது.

வாளி அவள் கையிலிருந்து விழுந்து உருண்டது. "அண்ணே," என்றாள், மிக மெல்லிய குரலில். "அண்ணே, எனக்கு ஒண்ணுமே தெரியலையே. எங்க இருக்கு அது? எவ்வளவு கிட்ட இருக்கு?"

 புலியாயினும் கண்ணுக்குத் தெரியும். வெள்ளமாயினும் கரை தெரியும். இதற்கோ உருவமும் இல்லை, ஓரமும் இல்லை. அவள் நிற்கும் இடத்துக்கு அது ஏறிவந்துவிட்டதா என்பதைக்கூட அறிய வழியில்லை.

"பின்னால போ. சுவரோட ஒட்டி நில்லு. எண்ணெய்த் தொட்டி எங்க இருக்கு?"

"வாசல் பக்கத்துலதான். வலது கைப் பக்கம். நிறைய இருக்குண்ணே, இப்பதான் வடிகட்டினேன்."

அதுவே அடுத்த கேடு. தீ அத்தொட்டியை எட்டுமானால் அறை முழுவதும் அடுப்பாகிவிடும். தண்ணீர் இருந்தது, உயிரி டீசலை அலசுவதற்கான பெரிய தொட்டியும் அதன் நீண்ட ரப்பர்க் குழாயும் கைக்கெட்டும் இடத்திலேயே இருந்தன. ஆனால் எதிர்ச் சுவரில், ஆளுயரச் சிவப்பு எழுத்தில், அவரே வண்ணம் பூசி எழுதிய வாசகம் அவரை முறைத்துக்கொண்டிருந்தது: எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றாதே.

"தண்ணி ஊத்துங்க மச்சான்! ஏன் நிக்குறீங்க?"

"எண்ணெய் எரிஞ்சா, தண்ணி பட்டதும் வெடிச்சு அவ மேலதான் தெறிக்கும் மாப்பிள்ளை."

"அப்போ எரியுறது எண்ணெயா, மெத்தனாலா?"

அவர் தம் மனத்தை வற்புறுத்திச் சிந்திக்க வைத்தார். எண்ணெய் எரிந்தால் மஞ்சளாகத் தெரியும்; கரும்புகை சூழும். மெத்தனாலோ தண்ணீரோடு கலந்துவிடும். போதிய தண்ணீர் கலந்தால் எரியும் ஆற்றலை இழந்துவிடும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத வரை இது மெத்தனால் மட்டுமே. தெரியத் தொடங்கினால் எல்லாம் முடிந்தது. இதுகாறும் தீ தெரியவில்லையே என்று அஞ்சியவர், இப்போது தெரிந்துவிடக் கூடாதே என்று அஞ்சினார்.

"பாப்பா, நான் தண்ணி விடப் போறேன். தண்ணி உன் பக்கம் ஓடி வந்தா தீயும் சேர்ந்து வரும். தரை எந்தப் பக்கம் சரியுதுன்னு எனக்கு…"

"வெளிப்பக்கம்தாண்ணே!" அவள் குரல் திடீரென்று உரத்தது. "காலையில கழுவினேன்ல? கதவோரத்துல ஊத்தினா தண்ணி உள்ள வரவே வராது. குழியில இறங்கி, நேரா உங்க பக்கத்துக் கால்வாய்க்குத்தான் ஓடும். கதவோட அடியில ஊத்துங்க. பீய்ச்சாதீங்க, மெதுவா விடுங்க."

மாப்பிள்ளை தண்ணீர்த் தொட்டியின் அடைப்பைத் திறந்தார். கலவைக்காரர் வாசலின் அடிப்பக்கமாகத் தண்ணீரைத் தணிவாக ஓடவிட்டார். தண்ணீர் குழித்தளத்தில் இறங்கியபோது ஒருவகைச் சீற்றம் எழுந்தது. வெண்மையான ஆவி பரவியது. தீ விலகுகிறதா, நெருங்குகிறதா, தமக்கு நேராகவே கால்வாயில் மிதந்து வருகிறதா, எதுவும் புலப்படவில்லை. கால்வாயின் ஓரத்தில் நின்றபோது அவருடைய கணுக்காலில் ஊசி குத்தியதுபோல் சுட்டது. அவர் துள்ளி விலகினார். குழாயை மட்டும் விடவில்லை. சுவரில் சாய்ந்து நின்ற தங்கையின் முகம் ஆவிக்கு அப்பால் மறைவதும் தெரிவதுமாக இருந்தது.

"இருக்கியா பாப்பா?"

"இருக்கேண்ணே."

"பேசிக்கிட்டே இரு."

"என்னத்தைப் பேச?"

"எதையாவது. என்னைத் திட்டு."

"உங்க துடைப்பத்தை எடுத்தது நான்தாண்ணே. சொல்லாம எடுத்தேன். கேட்டா நீங்க தர மாட்டீங்கன்னு."

அவர் குழாயை இன்னும் சற்றுத் தாழ்த்திப் பிடித்தார். 

நெடுநேரம் தண்ணீர் ஓடியது. இனி அணைந்திருக்கும் என்றார் மாப்பிள்ளை. அணைந்திருக்கும் என்பதும் அணைந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல என்றார் கலவைக்காரர். சட்டையின் மற்றொரு கையைக் கழியில் சுற்றி நீட்டினார். அது நடுப்பகுதியை அடைந்ததும் பற்றியது. மாப்பிள்ளை அழுகையும் ஏச்சும் கலந்த ஓர் ஒலியை எழுப்பினார். மீண்டும் தண்ணீர். மீண்டும் துணி, இம்முறை முதுகுப் பகுதி. அது மேலும் சற்றுத் தொலைவு சென்று பற்றியது. பின்னர் காலர். காலரும் எரிந்தது. அதன்பின் சட்டை என்று சொல்ல ஏதுமில்லை.

"அண்ணே, இந்தப் பக்கத்துலேருந்து நான் பார்க்குறேன்," என்றாள் தங்கை. "கை துடைக்கிற பஞ்சு இருக்கு. காஞ்ச பஞ்சு. வடிதுணி மாட்டுற குச்சியும் இருக்கு."

"கிட்ட வராதே!"

"வராம எப்படிண்ணே தெரியும்? நீங்க சொல்லிக் குடுத்ததுதானே? நீட்டிக்கிட்டுத்தானே வர்றேன்."

அவள் குச்சியின் நுனியில் பஞ்சைக் கட்டி, அண்ணன் நடப்பதுபோலவே, தரையைத் தடவியபடி ஓரடி வைத்தாள். கேலி செய்து கேலி செய்தே அந்நடையை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். பஞ்சு விளிம்பைக் கடந்தது. கலவைக்காரர் தம் பனியனைக் கிழித்துக் கட்டி, இந்தப் பக்கத்திலிருந்து நீட்டினார். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. இடையில் இருப்பது வெறும் வெயிலா, தீயா என்பதை அவ்விரு முனைகளே சொல்ல வேண்டும். அவளுடைய பஞ்சு பற்றியது. அவள் வீறிட்டுக் குச்சியைத் தண்ணீரில் அமிழ்த்தினாள். மாப்பிள்ளை குழாயை அவ்விடத்துக்குத் திருப்பினார். அவள் புதிய பஞ்சைக் கட்டினாள். முடிச்சு விழவில்லை. பல்லால் கடித்து இறுக்கினாள்.

மீண்டும் நீட்டினர். குழித்தளத்தின் நடுவில், கடைசியாகத் தீ இருந்த இடத்தில், பனியன் துணியும் பஞ்சும் ஒன்றையொன்று தொட்டன. தொட்டபடியே நின்றன. எதுவும் பற்றவில்லை. இடப்பக்கம் தடவினர், வலப்பக்கம் தடவினர். பற்றவில்லை.

"வரட்டுமாண்ணே?"

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் தடவினர்.

"வா."

அவள் ஒற்றைச் செருப்போடு தண்ணீரில் கால் வைத்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள். குச்சியை மட்டும் முன்னே நீட்டியிருந்தாள். அவள் கடந்த சில அடிகளில் மூவரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை. கணவர் அவளுடைய கையைப் பற்றி மேலே இழுத்தார். இழுத்தவர் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சட்டை போச்சே," என்றாள் அவள், பல் கிட்டிய நிலையில்.

"போகட்டும்டி," என்றார் அவர். 

தெருமுனையில் தீயணைப்பு வண்டியின் மணியொலி கேட்டது. கலவைக்காரர் அதனைக் கேட்டும் திரும்பவில்லை. வாசலிலிருந்து கால்வாய் வரைக்கும், கால்வாயிலிருந்து மெத்தனால் கூண்டு வரைக்கும், தீ இல்லாத வெயிலைக் கழியால் தடவிக்கொண்டே நடந்தார். பின்னால் காலடி ஓசை கேட்டது. தங்கையும் குச்சியை நீட்டியபடி அவருக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தாள். அவளை அடுத்து மாப்பிள்ளை, எங்கோ கிடந்த ஓர் அட்டைத் துண்டைக் கையில் பிடித்தபடி, குனிந்து குனிந்து தரையைத் தடவி வந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. மூவரும் கூடத்தின் கடைசி மூலையை அடைந்தனர். அங்கும் எதுவும் பற்றவில்லை. கலவைக்காரர் கழியைத் தாழ்த்திச் சுவர்க் கடிகாரத்தை நோக்கினார்.

மணி, பிற்பகல் ஒன்று நாற்பத்தேழு; வெயில் இறங்க இன்னும் நெடுநேரம் இருந்தது.